பார்த்தவன் வாயைப் பூட்டலாமா?

படமாளிகையை விட்டு வெளியே வருகின்ற மனிதனை எதிர்கொள்ளும் முதற் கேள்வி, “படம் எப்படி?” என்பதே. அதற்கு அவன் ஆராய்ச்சிக் கட்டுரை எழுதிக் கொடுப்பதில்லை. “பரவாயில்லை” என்பான், “வெறும் இழுவை” என்பான், “முற்பாதியைப் பொறுத்துக்கொண்டால் பிற்பாதி நன்று” என்பான். நுழைவுச்சீட்டுக்குக் கொடுத்த பணமும், இருந்து பார்த்த மூன்று மணி நேரமுமே அவனுடைய தகுதிப் பத்திரங்கள். அவனுடைய அந்த இரண்டு சொல்லுக்கு அஞ்சிக் கோடிக்கணக்கில் முதலீடு செய்வோர் நீதிமன்றத்தின் படியேறினர் என்றால் நம்புவது கடினம். ஆயினும் நடந்தது அதுதான்.

2024 ஆம் ஆண்டு டிசெம்பர் மாதத்தில், தமிழ்த் திரைப்பட நடப்புத் தயாரிப்பாளர்கள் சங்கத்தினர் சென்னை உயர் நீதிமன்றத்திலே மனுவொன்றைத் தாக்கல் செய்தனர். ஒரு படம் வெளியாகி மூன்று நாட்கள் கழியும்வரை, யூரியூப் முதலிய இணையத் தளங்களில் அதைப் பற்றிய விமரிசனம் வெளிவராமல் தடுக்கவேண்டும் என்பது அவர்கள் கோரிக்கை. விமரிசனம் கருத்துச் சுதந்திரத்தின் பாற்பட்டது என்பதைச் சுட்டிக்காட்டிய நீதிபதி, அவ்வாறான பொதுத் தடையை விதிக்க மறுத்தார். அதற்கு முந்திய மாதத்திலேயே மற்றொரு தயாரிப்பாளர் சங்கம், படமாளிகை வளாகத்துக்குள் இரசிகர்களின் கருத்தைப் படம்பிடிக்க இடங்கொடுக்க வேண்டாம் என்று மாளிகை உரிமையாளர்களைக் கேட்டிருந்தது.

சினிமாச் சங்கதிக்கு அரசியல் ஏட்டில் என்ன வேலை என்று சிலர் வினவக்கூடும். பணம் கொடுத்தவன், தான் பெற்ற பொருளைப் பற்றி வாய்திறக்கலாமா, திறப்பதாயின் எப்போது திறக்கலாம், அந்த நேரத்தைக் குறிப்பவர் யார் என்பனவே இங்கு எழுந்துள்ள கேள்விகள். இவற்றைவிட அரசியலான கேள்விகள் வேறு உண்டோ?

மூன்று நாளின் மர்மம்

எமது கமக்கார நண்பர்களுக்கு இவ்விடயத்தை விளக்க அதிக நேரம் வேண்டியதில்லை. சுன்னாகம் சந்தைக்குக் கத்தரிக்காய் கொண்டுசெல்கிறான் ஒருவன். வாங்க வருபவள் காயை எடுத்துப் பார்க்கிறாள்; அமுக்கிப் பார்க்கிறாள்; “முற்றல்” என்று சொல்லிக் கூடையிலே போட்டுவிட்டு நடக்கிறாள். பக்கத்தில் நிற்பவளும் அதைக் கேட்டு நகர்கிறாள். விற்பவனுக்கு நட்டந்தான், மனவருத்தந்தான். ஆனால், “மூன்று நாட்களுக்கு என் கத்தரிக்காயைப் பற்றி எவரும் எதுவும் சொல்லக்கூடாது” என்று அவன் சந்தை மேற்பார்வையாளரிடம் போய் முறையிட்டால் ஊர் சிரிக்காதா? மூன்று நாளில் காய் விற்றுத் தீர்ந்துவிடும். அதன்பின் முற்றலென்று சொன்னாலென்ன, பிஞ்சென்று சொன்னாலென்ன?

படத் தொழிலின் கணக்கும் இதுவே. முன்னாளில் ஒரு படம் சில ஊர்களில் மட்டும் வெளியாகி, நல்ல பெயர் எடுத்தால் நூறு நாள் ஓடும். இன்றோ பெரிய நடிகரின் படம் ஒரே நாளில் உலகெங்கும் நூற்றுக்கணக்கான மாளிகைகளில் ஏற்றப்படுகிறது. வெள்ளி, சனி, ஞாயிறு ஆகிய மூன்று நாளின் வசூலே பெரும்பாலும் அதன் விதியை எழுதிவிடுகிறது. ஆகவே மூன்று நாள் மௌனம் வேண்டும் என்று கேட்பதன் பொருள், பணம் பெட்டிக்குள் விழும்வரை மௌனம் வேண்டும் என்பதேயாகும். அந்த மூன்று நாட்களிலும் விளம்பரத்துக்கு ஓய்வு உண்டா? இல்லை. “மாபெரும் வெற்றி” என்ற சுவரொட்டிக்குத் தடை உண்டா? அதுவும் இல்லை. விற்பவன் உரக்கக் கூவலாம். வாங்குபவன் மட்டும் வாய்பொத்தி நிற்கவேண்டும். இது நடுநிலையான ஏற்பாடாகுமா?

பாமரன் சொன்னது பொய்த்ததா?

அடுத்து, இந்தச் சாதாரண இரசிகர்கள் சொன்னவை யாவும் விஷமத்தனமானவை தாமா என்று ஆராய்வோம். 2024 யூலை 12 ஆம் நாள் “இந்தியன் 2” வெளியாயிற்று. படம் நீளமென்று பார்த்தவர்கள் முணுமுணுத்தனர். சில நாட்களுள் தயாரிப்பாளரே படத்திலிருந்து 12 நிமிடங்களை வெட்டினர். அதே ஆண்டு நொவெம்பர் 14 ஆம் நாள் “கங்குவா” வந்தது. காது செவிடுபடும் இரைச்சல் என்று பலரும் குறைகூறினர். ஒலியளவை இரண்டு புள்ளி குறைக்கும்படி மாளிகைகளுக்குச் சொல்லியிருப்பதாக அப்படத்தின் தயாரிப்பாளர் அறிவித்தார். நீளமென்றவன் சொன்னது உண்மையல்லவா? இரைச்சலென்றவன் சொன்னது உண்மையல்லவா? நோயாளியின் முறைப்பாட்டைக் கேட்டு மருந்தை மாற்றிவிட்டு, முறைப்பாடு சொன்ன குற்றத்துக்காக அவனைத் தண்டிக்கத் துணியும் வைத்தியரை எங்கேனும் கண்டதுண்டா?

இதே வாய்கள்தாம் சிறிய படங்களை வாழவைக்கின்றன. 2025 மே 1 ஆம் நாள் இரண்டு படங்கள் ஒன்றாக வெளியாயின. ஒன்று, பெரிய நடிகரான சூர்யாவின் “ரெட்ரோ”. மற்றையது, இலங்கையிலிருந்து சென்னைக்குச் சென்று குடியேறும் தமிழ்க் குடும்பமொன்றின் கதையான “டூரிஸ்ட் ஃபேமிலி”. பின்னதை இயக்கியவர் அபிஷன் ஜீவிந்த். அவருக்கு அது முதற்படம். பெரிய படத்தின் நிழலிலே அது மறைந்துபோயிருக்க வேண்டும். அவ்வாறு மறையாமல் அதைத் தூக்கி நிறுத்தியது, பார்த்தவர் பாராதவருக்குச் சொன்ன நல்ல வார்த்தை. மூன்று நாட்கள் வாய்ப்பூட்டு இருந்திருப்பின் அந்த வார்த்தை எப்படிப் பிறந்திருக்கும்? புதியவனுக்கு விளம்பரப் பணம் இல்லை. பார்த்தவனின் நாக்கே அவனுடைய விளம்பரம். தடை கேட்போர் தம் தொழிலின் இளையோருக்குத் தாமே குழி தோண்டுகின்றனர்.

மேலும், இவ்வகைப் படங்களில் எம்மவர் கருத்துக்குத் தனி மதிப்பும் உண்டு. 2000 ஆம் ஆண்டில் வந்த “தெனாலி” முதலாக, ஈழத் தமிழ்ப் பேச்சைத் திரையில் ஒலிக்க முயன்ற படங்கள் சில உள. அந்தப் பேச்சு இயல்பாயிருந்ததா, ஒட்டவைத்ததாயிருந்ததா என்று தீர்ப்புக் கூறச் சென்னைப் பத்திரிகை விமரிசகரைக் காட்டிலும் வடமராட்சியிலே புகையிலை நடும் கமக்காரனுக்கே அருகதை அதிகம். கலை நுணுக்கம் அறியாதவன் என்று அவனை ஒதுக்கிவிட முடியுமா?

சட்டம் சொல்வது

இனிச் சட்டத்தைப் பார்ப்போம். பொதுமக்கள் முன் வைக்கப்பட்ட எதுவும் பொதுமக்களின் கருத்துரைக்கு உட்பட்டது. நியாயமான கருத்துரை என்னும் இந்தக் கோட்பாட்டின் பெரிய முன்தீர்ப்புகளில் ஒன்று நாடக விமரிசனம் ஒன்றிலிருந்தே பிறந்தது. 1887 ஆம் ஆண்டில் இங்கிலாந்தின் மேன்முறையீட்டு நீதிமன்றம் தீர்த்த மெரிவேல் எதிர் கார்சன் வழக்கு அது. கருத்து மிகையாயிருக்கலாம்; ஒருபக்கச் சார்பாயுமிருக்கலாம்; நேர்மையான ஒருவன் அவ்வாறு எண்ணக்கூடுமாயின் சட்டம் அதைக் காக்கும் என்பது அத்தீர்ப்பின் சாரம். ஆயினும் அவ்வழக்கிலே விமரிசகர் தோற்றார். ஏன்? நாடகத்தில் இல்லாத ஒழுக்கக்கேட்டை இருப்பதாகச் சுட்டிவிட்டார் என்பதனால். கருத்துக்குக் காப்பு உண்டு, இல்லாததை உண்டென்று சொல்வதற்குக் காப்பில்லை என்ற எல்லைக்கோடு அன்றே கீறப்பட்டுவிட்டது.

படத்துறையினர் மறந்துவிட்ட மற்றொரு தீர்ப்பும் உண்டு. இடஒதுக்கீட்டைப் பற்றிய “ஒரே ஒரு கிராமத்திலே” என்ற தமிழ்ப் படத்துக்கு வழங்கிய சான்றிதழைச் சென்னை உயர் நீதிமன்றம் நீக்கியது. படத்தைத் திரையிட்டால் கலகம் மூளும் என்பது எதிர்த்தோர் வாதம். 1989 மார்ச் 30 ஆம் நாள் இந்திய உச்ச நீதிமன்றம் சான்றிதழை மீட்டுக் கொடுத்தது. கலகம் செய்வோம் என்ற மிரட்டலுக்குக் கருத்துச் சுதந்திரத்தைப் பலிகொடுக்க முடியாது என்று அது உறுதியாய்க் கூறிற்று. அன்று தயாரிப்பாளரைக் காத்தது இந்திய அரசியலமைப்பின் 19(1)(அ) உறுப்புரை. இன்று பார்வையாளனைக் காப்பதும் அதே உறுப்புரைதான். தனக்குக் குடையாயிருந்ததை அடுத்தவன் பிடிக்கும்போது பறிக்கலாமா?

எதிர்த்தரப்பையும் கேட்போம்

தயாரிப்பாளர் பக்கத்தில் நியாயமே இல்லை என்று நாம் சொல்லவரவில்லை. பணம் பறிப்பதற்காகவே இகழ்வோர் உளர். பணம் வாங்கிக்கொண்டு புகழ்வோரும் உளர். படத்தைப் பாராமலே தூற்றுவோரும், நடிகையின் உடலையும் நடிகரின் சாதியையும் இழுத்துப் பேசுவோரும் உளர். கேரளத்திலும் இதே பிணக்கு எழுந்தது. 2023 ஆம் ஆண்டில் அங்குள்ள உயர் நீதிமன்றத்தின் முன் ஓர் இயக்குநர் வழக்காடினார். நீதிமன்றத்துக்குத் துணைபுரிய நியமிக்கப்பட்ட சட்டத்தரணி 2024 மார்ச்சிலே சமர்ப்பித்த அறிக்கை, இணைய விமரிசகர் 48 மணி நேரம் பொறுக்கவேண்டும் என்றது. கதையின் முடிச்சை அவிழ்த்துவிடலாகாது, ஆக்கபூர்வமாகப் பேசவேண்டும் என்றும் அது ஆலோசனை கூறியது.

பண்பாக இவை நல்ல ஆலோசனைகளே, நாமும் வரவேற்கிறோம். ஆனால் பண்பு வேறு, தண்டனைச் சட்டம் வேறு. மிரட்டிப் பணம் பறிப்பவனைப் பிடிக்கச் சட்டம் உண்டு. அவதூறு செய்பவன்மீது வழக்குத் தொடர வழி உண்டு. குற்றம் செய்த பத்துப் பேரைப் பிடிக்கும் வேலை கடினமென்பதால் ஊரார் அனைவருக்கும் வாய்ப்பூட்டுப் போடுவது எந்த நாட்டு நீதி? வேலிக்குள் ஒரு மாடு புகுந்ததென்று ஊர் மாடுகள் எல்லாவற்றையும் கட்டிப்போடுவாரில்லை.

நமக்கும் ஒரு சோதனை

இக்கொள்கை எமக்குப் பிடித்த இடத்தில் மட்டும் செல்லுபடியாகுமா என்று எம்மையும் நாம் கேட்டுக்கொள்ள வேண்டும். 2021 ஆம் ஆண்டு மே மாதத்தில் “த ஃபேமிலி மேன்” என்ற இந்தித் தொடரின் இரண்டாம் பருவத்துக்கான முன்னோட்டம் வெளிவந்தது. ஈழத் தமிழ்ப் போராளிகளைப் பாகிஸ்தானிய உளவுத்துறையோடு கைகோத்தவர்களாகக் காட்டிய தொடர் அது. தமிழர் மனம் கொதித்தது, கொதிக்க நியாயமுமிருந்தது. தொடரைத் தடைசெய்யுமாறு தமிழக அரசு மத்திய அரசுக்குக் கடிதம் எழுதியது. யூன் மாதத்தில் அத்தொடரின் ஒன்பது அத்தியாயங்களும் வெளிவந்தன.

தடைக் கோரிக்கை பிறந்தபோது பொதுமக்கள் கண்டிருந்தது சில நிமிட முன்னோட்டம் மட்டுமே. ஒன்பது அத்தியாயங்களையும் இருந்து பார்த்து, இன்ன அத்தியாயத்தில் இன்ன காட்சி வரலாற்றுக்கு மாறானது, இன்ன பாத்திரம் எம் மக்களை இழிவுபடுத்துகிறது என்று ஆதாரத்தோடு எடுத்துரைப்பவனின் சொல்லே அரசின் தடையைவிட நீண்டகாலம் நிற்கும். தடை ஒரு படத்தை மறைக்கும்; மறுப்புரை அதன் பொய்யை உடைக்கும். நீதிமன்றத்திலே சாட்சியைக் குறுக்குக் கேள்வி கேட்காமல், சாட்சிக் கூண்டையே எரித்துவிடு என்று கேட்கும் சட்டத்தரணி வழக்கிலே வென்றவனாகான்.

இந்நாட்டிலும் விழிப்புத் தேவை. எமது அரசியலமைப்பின் 14(1)(அ) உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை உறுதிசெய்கிறது. 2002 ஆம் ஆண்டில் அவதூறைக் குற்றவியல் தவறாக்கிய சட்ட ஏற்பாடுகள் நீக்கப்பட்டன. ஆனால் 2024 ஆம் ஆண்டில் 9 ஆம் இலக்க நிகழ்நிலைக் காப்புச் சட்டம் நிறைவேறியபோது, இணையத்தில் வெளியாகும் கூற்று பொய்யா மெய்யா என்று தீர்மானிக்கும் அதிகாரம் ஓர் ஆணைக்குழுவுக்கு வழங்கப்பட்டது. இன்று படத் தயாரிப்பாளர் மூன்று நாள் மௌனம் கேட்கிறார். நாளை ஓர் அமைச்சர், தம் திட்டம் தொடங்கி மூன்று மாதத்துக்கு எவரும் பேசலாகாது என்று கேட்டால் என்ன விடை கூறுவோம்? முன்னதற்குத் தலையசைத்தவன் பின்னதற்கு எப்படித் தலைநிமிர்வான்?

ஆகவே வாசகர்களுக்கு நாம் கூறுவது இது. படத்தைப் பார்த்தபின் பேசுங்கள், பாராமற் பேசாதீர்கள். கண்டதைக் கண்டதென்றும், எண்ணியதை எண்ணியதென்றும் பிரித்துச் சொல்லுங்கள். கூலிக்குப் புகழாதீர்கள், கூலிக்கு இகழாதீர்கள். மனிதரின் பிறப்பையும் உருவத்தையும் விட்டுவிட்டு அவர் செய்த வேலையைப் பேசுங்கள். இவ்வளவையும் கடைப்பிடித்தபின், பேசும் நேரத்தை வேறொருவர் குறித்துக் கொடுக்க இடமளியாதீர்கள்.

நூறு ரூபாய்ப் பொருளை நன்றன்று என்று சொல்ல அஞ்சுகின்ற மக்கள், நாட்டை ஆள்பவரைப் பார்த்து நன்றன்று என்று சொல்லப் போவதில்லை. படமாளிகை வாசலில் அச்சமின்றிப் பேசப் பழகிய நாக்கே வாக்குச்சாவடி வாசலிலும் அச்சமின்றிப் பேசும். அந்தப் பழக்கத்தை எவருக்கும் அடகு வைக்க வேண்டாம்.