மாமியாரின் கைக்கடிகாரம்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஒரு சகோதரி எழுதியிருக்கிறார். வெளிநாட்டிலுள்ள மைத்துனர், தாயாருக்கு ஒரு கைக்கடிகாரம் வாங்கி அனுப்பினாராம். மணி மட்டும் காட்டினால் தேவலை. அது நாடியையும் எண்ணுகிறது. இரவு இரண்டு மணிக்கு 46 என்று காட்டிய நாள் முதல் மருமகளுக்குத் தூக்கம் போய்விட்டது. மாமியாரோ நிம்மதியாகக் குறட்டை விடுகிறார்! "ரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடட்டுமா?" என்று கேட்கிறார்.

வேண்டாம், அம்மா. அதை மட்டும் செய்துவிடாதீர்கள்.

நிமிஷத்துக்கு 60 முதல் 100 துடிப்பு என்பது விழித்துக்கொண்டு ஓய்வாக இருப்பவர்களுக்குச் சொன்ன கணக்கு. தூங்கும்போது 'வேகஸ்' என்ற நரம்பு கடிவாளத்தைச் சற்று இழுத்துப் பிடிக்கிறது. நாற்பதுகளுக்கு இறங்குவது பலருக்குச் சகஜம். ஓட்டப் பயிற்சி செய்கிறவர்களுக்கு அதற்கும் கீழே போவதுண்டு.

கடிகாரமும் தப்புக் கணக்குப் போடும். தோலில் பச்சை வெளிச்சத்தைப் பாய்ச்சி, அது திரும்பி வருவதில் உண்டாகும் ஏற்ற இறக்கத்தைக்கொண்டுதான் அது எண்ணுகிறது. பட்டை தளர்ந்தால் போயிற்று! 1707-ல் ஜான் ஃப்ளோயர் என்ற ஆங்கில வைத்தியர் நாடி பார்ப்பதற்கென்றே ஒரு கடிகாரத்தைப் பற்றி எழுதினார். அதில் எண்ணியது மனித விரல்தான். நீங்களும் எண்ணிப் பாருங்கள். காலையில் அவர் உட்கார்ந்திருக்கும்போது, மணிக்கட்டில் பெருவிரல் பக்கம் இரண்டு விரல்களை வைத்து ஒரு முழு நிமிஷம்.

மாத்திரைக்கு வருவோம். அட்டையில் அடினலால், மெட்டோப்ரலால் என்று இருக்கிறதா? இருதய வேகத்தைக் குறைப்பதே இவற்றின் வேலை. திடீரென்று நிறுத்தினால் நெஞ்சுவலி, மாரடைப்புகூட வரலாம். அளவு அதிகமா என்று டாக்டர்தான் சொல்ல வேண்டும். தைராய்டு சுரப்பு குறைந்தாலும் நாடி மந்தமாகும்.

பகலில் தலை சுற்றுகிறதா, கண் இருட்டுகிறதா, நாலு படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா என்று மாமியாரிடம் விசாரியுங்கள். "வயசாச்சு, அப்படித்தான்" என்று மழுப்புவார், விடாதீர்கள். ஒன்று இருந்தாலும் டாக்டரிடம் காட்டுங்கள். பகலிலேயே ஐம்பதுக்குக் கீழே நின்றாலும் காட்டுவது நல்லது. மயங்கி விழுந்தாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே 108-ஐக் கூப்பிட வேண்டியதுதான்.

அந்தக் குறட்டையையும் கொஞ்சம் கவனியுங்கள். நடுவில் மூச்சு நின்று, பிறகு திணறிக்கொண்டு வருகிறதா? தூக்கத்தில் மூச்சடைப்பு இருந்தாலும் நாடி இறங்கும். அவருக்கே தெரியாத விஷயம் இது. விழித்திருக்கும் நீங்கள்தான் டாக்டரிடம் சொல்ல முடியும்.

தேவையானால் ஈ.சி.ஜி. எடுப்பார்கள், ஒரு நாள் முழுவதும் துடிப்பைப் பதிவு செய்யும் ஹோல்டர் கருவியையும் மாட்டி அனுப்பலாம். போகும்போது மாத்திரை அட்டைகளைக் கையோடு எடுத்துச் செல்லுங்கள்.