நிவாரணத் தொகையும் குத்தகை விவசாயியும்

2020 மார்ச் 25-ஆம் தேதி நாடெங்கும் ஊரடங்கு தொடங்கியது. மறுநாளே மத்திய அரசு நிவாரண அறிவிப்பை வெளியிட்டது. பிரதம மந்திரி கிசான் திட்டத்தில் ஆண்டுக்கு ரூ. 6,000 பெறும் விவசாயிகளுக்கு முதல் தவணை ரூ. 2,000 ஏப்ரலிலேயே வங்கிக் கணக்கில் சேர்ந்தது. தொகை விரைந்து சென்றதை மறுப்பதற்கில்லை. ஆயினும் அது வரவேண்டியதே, சற்று முந்தி வந்தது.

அத்தொகை நிலப் பதிவேட்டைப் பார்த்தே செல்வது. பிறர் நிலத்தைக் குத்தகைக்கு உழுபவருக்கு அதில் பங்கில்லை. மாந்தோப்புகளில் இக்குறை இன்னும் வெளிப்படை. காய்ப்புக்கு முன்னரே தோப்பின் மகசூலை விலை பேசி எடுப்போர் பல மாநிலங்களில் உள்ளனர். காவலும் பறிப்பும் அவர்கள் செலவு. சந்தை அடைபட்டால் நஷ்டமும் அவர்களுடையதே, உதவித்தொகையோ உரிமையாளருக்கு!

அவ்வாண்டு மே மாதம் அறிவிக்கப்பட்ட மற்றொரு ஏற்பாடு இதனினும் பொருத்தமானது. தக்காளி, வெங்காயம், உருளைக்கிழங்கு ஆகியவற்றுக்கென இருந்த 'ஆபரேஷன் கிரீன்ஸ்' திட்டம் பிற பழங்களுக்கும் காய்கறிகளுக்கும் விரிவுபெற்றது. உபரி விளைச்சலை வெளியூருக்கு அனுப்பும் வண்டிக்கூலியிலும் சேமிப்புச் செலவிலும் பாதி மானியமாயிற்று. அழுகும் பண்டத்துக்கு, பண்டத்தைத் தொடர்ந்து செல்லும் உதவியே தகும்.

குத்தகைதாரரின் பெயரைப் பதிய நிலக்காரர் அஞ்சுவது இயல்பு. அவ்வச்சத்தைப் போக்கவே, நில உரிமைக்குப் பங்கமின்றிப் பதினொரு மாத ஒப்பந்தத்துக்கு வழிசெய்யும் சட்டத்தை ஆந்திரப் பிரதேசம் 2019-இல் இயற்றியது. மத்தியத் திட்டமும் அத்தகைய ஒப்பந்தத்தைச் சான்றாக ஏற்றிருக்கலாம்.