சான்றிதழ் ஒலிபரப்புமா?

ரேடியோ நிலையத்தில் இஞ்ஜினீயர் உத்தியோகம் வேண்டுமானால் பட்டம் வேண்டும். பட்டம் இல்லையென்றால் ஒரு சர்ட்டிபிகேட்டாவது வேண்டும். இதுதான் நியதி என்கிறார்கள். யார் செய்த நியதி? ஆளைப் பார்த்து எடைபோடச் சோம்பல்பட்டவர்கள் செய்த நியதி என்கிறேன் நான்.

அமெரிக்காவில் நடந்ததைப் பாருங்கள். டிரான்ஸ்மிட்டரைப் பராமரிக்க சர்க்காரின் முதல் வகுப்பு ரேடியோ லைசென்ஸ் வேண்டும் என்று அங்கே வெகுகாலம் விதி இருந்தது. பலன்? கேள்வி பதில்களை உருப்போட வைத்துச் சில வாரங்களில் லைசென்ஸ் வாங்கித் தரும் பள்ளிகள் முளைத்தன. இசைத்தட்டுப் போடும் அறிவிப்பாளர்கள்கூட அங்கே போய்ப் பாஸ் செய்தார்கள். ஒரே சம்பளத்தில் இரண்டு வேலை என்று சிறு நிலைய முதலாளிகளுக்குச் சந்தோஷம். 1980களின் தொடக்கத்தில் சர்க்காரே அந்த லைசென்ஸை எடுத்துவிட்டது. ரேடியோ ஒன்றும் ஊமையாகிவிடவில்லை.

பட்டத்தின் கதை என்ன? 1927-ல் ஸான்பிரான்ஸிஸ்கோவில் எலெக்ட்ரானிக் முறையில் டெலிவிஷன் படம் அனுப்பிக் காட்டிய ஃபார்ன்ஸ்வொர்த்துக்கு அப்போது வயது 21. கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். எஃப்.எம். தந்த ஆர்ம்ஸ்ட்ராங் கொலம்பியா பட்டதாரிதான். ஆனால், மெலிந்த ரேடியோ அலையை உரக்க ஒலிக்கச் செய்த சர்க்யூட்டை அவர் கண்டது 1912-ல். பட்டம் வந்தது 1913-ல்!

“அப்படியானால் படிப்பே வேண்டாமா?” என்று சண்டைக்கு வருவீர்கள். வேண்டும் ஐயா, நிச்சயம் வேண்டும். கணக்குத் தெரியாதவனுக்கு டிரான்ஸ்மிட்டர் யமன். மின்சாரத்தை அணைத்த பிறகும் கண்டென்ஸரில் ஆளைக் கொல்லும் அளவுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். எர்த் கம்பியோடு இணைத்த கொக்கியை வைத்து அதை இறக்கிவிட்டுத்தான் உள்ளே கை நீட்ட வேண்டும். இதைப் புத்தகமும் சொல்லும். ஆனால் நள்ளிரவில், நிலையம் வாயடைத்துக் கிடக்கையில், மேலதிகாரி டெலிபோனில் கத்திக்கொண்டிருக்கும்போதும் மறக்காமல் அந்தக் கொக்கியைத் தேடுகிற கை, பழக்கத்தால் வருவது.

1964-ல் பிறந்த அமெரிக்க ஒலிபரப்பு இஞ்ஜினீயர் சங்கம் இதை உணர்ந்திருக்கிறது. தன் உயர்ந்த சான்றிதழ் ஒன்றுக்கு 20 வருஷ அனுபவம் கேட்கிறது. செய்த வேலைக்குச் சாட்சி சொல்லும் அந்தக் காகிதத்துக்கு நானும் வணக்கம் சொல்வேன். வேலை செய்யவே விடாமல் வாசலில் மறிக்கும் காகிதத்தோடுதான் என் சண்டை.

பத்து வருஷம் டிரான்ஸ்மிட்டர் அறையில் கழித்தவனைப் பட்டமில்லை என்று உதவியாளனாகவே வைத்திருக்கிறார்கள். புதுப் பட்டதாரி ஒருவர் வருகிறார்; அவனிடமே வேலை கற்றுக்கொண்டு அவனுக்கே அதிகாரியாகிறார். இதற்குத் தகுதி என்று பெயராம்! நிலையம் நின்றுபோன இரவில் யாரை எழுப்பி அழைத்து வருகிறீர்களோ, அவன் பெயரைச் சம்பளப் பட்டியலிலும் இஞ்ஜினீயர் என்றே எழுதுங்கள்.