பருத்திப் புழுவும் குடியானவன் மீது பழியும்

பி.டி. பருத்தியை நமது தேசத்தில் பயிரிடச் சர்க்கார் 2002-ம் வருஷத்தில் அனுமதி அளித்தனர். காய்ப்புழுவின் தொல்லை தொலைந்தது, மருந்துச் செலவு மிச்சம் என்று குடியானவர்கள் நம்பினார்கள். சில வருஷங்கள் அந்த நம்பிக்கை பொய்க்கவில்லை. ஆனால், 2009-ல் குஜராத்தில் சேகரித்த இளஞ்சிவப்புக் காய்ப்புழு, பயிரிலுள்ள நஞ்சைத் தின்றும் சாகாமல் பிழைத்தது. 2006-ல் வந்த இரட்டை நஞ்சு விதையும் பத்தே வருஷங்களில் அதனிடம் தோற்றது. 2017-ல் மகாராஷ்டிரத்தில் புழு பெருஞ்சேதம் விளைவித்தது. அதே வருஷம் யவத்மால் ஜில்லாவில் பருத்திக்கு மருந்தடித்தவர்களில் இருபதுக்கு மேற்பட்டோர் விஷமேறி மாண்டனர்.

இத்தனைக்கும் குடியானவனே காரணம் என்று சிலர் கூறுகின்றனர். பி.டி. வயலின் ஓரத்தில் சாதாரணப் பருத்தியும் விதைக்க வேண்டுமென்பது விதியாக இருந்தது. அதில் வளரும் நஞ்சு தாங்காத அந்துப்பூச்சிகள், நஞ்சுக்குத் தப்பிய சிலவற்றோடு கூடினால், சந்ததி பெரும்பாலும் நஞ்சுக்கு இரையாகும். இதற்காக 450 கிராம் விதையோடு 120 கிராம் சாதாரண விதையும் தனிப் பொட்டலத்தில் கொடுத்தார்கள். குடியானவர்களில் பெரும்பாலோர் அதை விதைக்கவில்லை என்பது உண்மையே.

ஏன் விதைக்கவில்லை? இரண்டு ஏக்கர் நிலமுடையவன் அதில் ஐந்திலொரு பங்கைப் புழுவுக்கு விட்டுக்கொடுத்தால் நஷ்டம் அவனுக்கு; பலனோ ஊருக்கெல்லாம். அந்துப்பூச்சிக்கு வரப்புத் தெரியாது. பொதுநலத்தின் பாரத்தை ஏழையின் தலையில் தனித்து ஏற்றிவிட்டு, அவன் சுமக்கவில்லையென்று குறைகூறுவது நியாயமாகாது.

அமெரிக்காவில் இப்புழு ஒழிந்ததென்று 2018-ல் அறிவித்தார்கள். அங்கே குடியானவர்களும் சர்க்காரும் சேர்ந்து செலவு செய்தனர். மலடாக்கிய அந்துப்பூச்சிகளைக் கோடிக்கணக்கில் பறக்கவிட்டனர். புழு பரவியிருந்த பகுதி முழுவதும் ஒரே திட்டமாக நடந்த காரியம் அது.

இங்கே இருவகை விதையையும் ஒரே பையில் கலந்து விற்கும் முறை தாமதமாகவேனும் வந்திருக்கிறது. அது மட்டும் போதாது. குறுகிய காலத்தில் விளையும் ரகங்களைச் சர்க்கார் தாராளமாகப் பரப்ப வேண்டும். ஊர் முழுவதும் ஒரே சமயத்தில் விதைத்து, டிசம்பருக்குள் பயிரை முடித்து, பருத்திமாரை அழிக்க வேண்டும். இனக்கவர்ச்சிப் பொறிகளை ஊர்ப் பொதுச் செலவில் வைக்க வேண்டும். கடைசிப் பறிப்பை இழப்பவனுக்கு ஈடு கொடுப்பதும் அவசியம்.

புதிய விதை எது வந்தாலும் புழு அதையும் ஒருநாள் வெல்லப் பார்க்கும். அதைத் தடுப்பது தனியொருவனால் ஆகிற காரியமல்ல. சர்க்கார் இந்தக் கடமையை இனியும் விதைப் பொட்டலத்தில் அடைத்துக் குடியானவனிடம் தள்ளிவிடலாகாது.