வேடமும் முகமும்: 'யூரோப்பா யூரோப்பா'வை முன்வைத்து

யூத இனப்படுகொலையைச் சொல்லும் திரைப்படங்களுள் ஒளிந்து பிழைத்தோரின் கதைகள் தனியொரு வரிசை. அவற்றுள்ளும் இருவகை உண்டு. ரோமன் பொலான்ஸ்கியின் 'தி பியானிஸ்ட்' (2002) படத்தில் இசைக்கலைஞர் ஷ்பில்மன் வார்சாவின் பூட்டிய வீடுகளுக்குள் தன் உடலை மறைத்துக்கொள்கிறார். பசியும் நோயும் அவரை உருக்குலைக்கின்றன. ஆயினும் தாம் யார் என்பதில் அவருக்கு ஐயமில்லை. அக்னியெஷ்கா ஹாலண்ட் இயக்கிய 'யூரோப்பா யூரோப்பா' (1990) படத்தின் சிறுவனோ எல்லோர் கண்முன்னும் நடமாடுகிறான். அவன் மறைப்பது உடலை அன்று, தன்னையே. இவ்விரண்டாம் மறைவே கொடியது என்பது நம் கருத்து.

கதை உண்மையானது. 1925இல் ஜெர்மனியின் பைனே நகரில் பிறந்தவர் சாலமன் பெரெல். நாஜிகளின் ஒடுக்குமுறையால் குடும்பம் போலந்தின் லோட்ஸ் நகருக்குப் பெயர்ந்தது. 1939இல் போர் மூண்டதும் சிறுவன் கிழக்கே தப்பியோடி, சோவியத் அநாதை இல்லமொன்றில் கம்யூனிசப் பாடம் பயின்றான். 1941இல் ஜெர்மன் படையிடம் அகப்பட்டபோது, தான் ஜெர்மானிய வம்சத்தவன் என்று சொன்னான், நம்பினார்கள். ரஷ்ய மொழி அறிந்திருந்தமையால் மொழிபெயர்ப்பாளன் ஆனான். பின்னர் பிரவுன்ஷ்வைக்கில் ஹிட்லர் இளைஞர் அமைப்பின் பள்ளிக்கே அனுப்பப்பட்டான். சாலமன் 'யூப்' ஆனான்.

பெயரை மாற்றிவிடலாம், விருத்தசேதனம் செய்த உடலை மாற்ற இயலாது. குளியலறையும் மருத்துவப் பரிசோதனையும் அவனுக்குக் கொலைக்களங்கள். தன்னை விரும்பும் லெனியைக்கூட அவன் நெருங்க முடியாது. அதே உடலை வகுப்பறையில் நிறுத்தி, இனவியல் ஆசிரியர் மண்டையோட்டை அளந்து, ஆரிய இரத்தம் உடையவன் என்று சான்றளிக்கிறார். நாஜிகளின் 'அறிவியல்' எத்தகையது என்பதைக் காட்ட இந்த ஒரு காட்சி போதும்.

இப்படத்தை முன்வைத்து வகுப்பில் பேசியபோது ஒரு மாணவி கேட்டார்: "தன் இனத்தைக் கொல்பவர்களின் சீருடையை அணிந்தவனை நாம் ஏன் மதிக்க வேண்டும், ஐயா?" அக்கேள்வியை எளிதில் கடந்துவிட முடியவில்லை. குற்றமற்ற நன்மையைத் தருமாயின் பொய்யும் வாய்மையின் இடத்தைப் பெறும் என்றார் வள்ளுவர். பதினாறு வயதுச் சிறுவன் உயிர்காக்கச் சொன்ன பொய்யை அந்தக் குறளே காத்துவிடும். ஆனால் சொன்னவனையே அந்தப் பொய் மெல்ல மெல்ல விழுங்கத் தொடங்கினால்? முழக்கமிடும் கூட்டத்தில் தானும் ஒருவனாகி, அதில் ஒரு கணம் மகிழ்ச்சியும் கொண்டுவிட்டால்? குறள் பேசாத இடம் இது. ஹாலண்டின் படம் பேசும் இடமும் இதுவே.

விடுமுறையில் அவன் லோட்ஸுக்குச் செல்கிறான். யூதச் சேரியின் ஊடே செல்லும் டிராம் வண்டியின் கண்ணாடிகளில் வெள்ளை பூசப்பட்டிருக்கிறது. அதைச் சுரண்டி, அந்தச் சிறு துளைவழியே பெற்றோரைத் தேடுகிறான். வண்டியிலிருந்து இறங்கினால் அவன் சாலமன், இறங்காதவரை யூப். மாணவியின் கேள்விக்கு நம் விடை அக்காட்சியில் இருக்கிறது. வெட்கப்பட வேண்டியவன் துளைவழியே பார்ப்பவன் அல்லன். கண்ணாடிக்கு வெள்ளை பூசியவர்களே.

இவ்விடை எல்லோருக்கும் உவப்பானதாக இருக்கவில்லை. கோல்டன் குளோப் விருது பெற்ற இப்படத்தை, அயல்மொழிப் பட ஆஸ்கருக்கு அனுப்ப ஜெர்மன் தேர்வுக்குழு முன்வரவில்லை. தூய வீரனும் தூய பலியும் இருந்தால் நமக்கு வசதி. பெரெல் இரண்டும் அல்லர்; பிழைத்தவர், அவ்வளவே.

போருக்குப் பின் இஸ்ரேலில் குடியேறிய பெரெல் ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள் தம் கதையை வெளியிடவில்லை. படத்தின் இறுதியில் முதியவராகத் தாமே தோன்றிப் பாடுகிறார். பின்னாளில் ஜெர்மன் பள்ளிகளுக்குச் சென்று மாணவர்களிடம் பேசினார். தமக்குள் யூப் இன்னும் இருக்கிறான் என்பதை அவர் ஒளிக்கவில்லை. 2023 பிப்ரவரியில் தமது 97ஆம் வயதில் மறைந்தார்.

வேடம் கலைந்த பின்னும் முகத்தில் ஒட்டியிருந்த சாயத்தை அவர் மறைக்காமல் காட்டினார். அந்த நேர்மைக்காகவே அவரை மதிக்கிறோம்.