பெரிய தலைப் பொம்மையும் சின்ன மகனும்



காத்தான்குடி, ஏறாவூர், ஓட்டமாவடி, வாழைச்சேனை என்று நம் வாவிக்கரை ஊர்களில் வளைகுடாவுக்கு ஆள் அனுப்பாத குடும்பம் குறைவு. ஒரு காலத்தில் கடிதமும் கசெட்டும் போய் வந்தன. இப்போது விசிட் விசா வருகிறது. பிள்ளைக்கு இரண்டு வயது நிரம்ப முன்பே உம்மாவும் பிள்ளையும் விமானம் ஏறிவிடுகிறார்கள். இரண்டு வயது நிரம்பிவிட்டால் பிள்ளைக்குத் தனி ஆசனம் எடுக்க வேண்டும் என்ற கணக்கும் அதற்குள் இருக்கிறது. இருக்கட்டும், சிக்கனம் நல்லதுதானே!

போனதும் வாப்பாவுக்கு ஓர் ஆசை. வருடக்கணக்கில் பிரிந்திருந்த குற்ற உணர்வு அவருக்கு. பிள்ளைக்கு ஏதாவது பெரிதாகச் செய்ய வேண்டும். அபூதாபியின் யாஸ் தீவில் 2010இல் ஃபெராரி வேர்ல்ட், 2018இல் வார்னர் பிரதர்ஸ் வேர்ல்ட், 2023இல் சீ வேர்ல்ட் என்று பூங்காக்கள் வரிசையாகத் திறந்திருக்கின்றன. அதே தீவில் டிஸ்னி பூங்காவும் அமையவிருப்பதாக 2025 மே மாதத்தில் அறிவித்தார்கள். டிஸ்னி என்றாலே உருவங்களோடு சாப்பாடு. நீங்கள் மேசையில் இருந்து சாப்பிட, மிக்கி எலியும் டொனால்ட் வாத்தும் வேஷம் போட்டு ஒவ்வொரு மேசையாக வந்து, கை குலுக்கி, படம் எடுத்துக்கொண்டு போகும். இந்த வகை விருந்துக்கு மற்றப் பெரிய பூங்காக்களிலும் பழக்கம் உண்டு.

தொலைக்காட்சியில் மிக்கியைக் கண்டால் கை தட்டிச் சிரிக்கும் பிள்ளை, மேசைக்கு மிக்கி வந்ததும் வீரிட்டு அழும். காசு கொடுத்த வாப்பாவின் முகம் சுருங்கும். "மனே, பாருங்க, மிக்கி வந்திருக்கு!" என்று பிள்ளையை உருவத்தின் கையில் திணிப்பார். சுற்றியிருப்பவர்கள் சிரிப்பார்கள். உம்மா நடுவில் கிடந்து தவிப்பாள்.

அந்தப் பிள்ளையின் இடத்தில் நின்று பாருங்கள். திரைக்குள் இருக்கும் மிக்கி உள்ளங்கை அளவு. அது கதைக்கும், கண் சிமிட்டும். வந்து நிற்பதோ ஆள் உயரம். தலை ஓர் அண்டா அளவு. கண் அசையாது, வாய் அசையாது. அநேகமான உருவங்கள் ஒரு சொல்லும் பேசுவதில்லை. எட்டு ஒன்பது மாதத்திலேயே தெரிந்த முகம், தெரியாத முகம் என்று பிரிக்கத் தொடங்கிவிடும் பிள்ளைக்கு, இது முகமா இல்லையா என்றே விளங்காது. பெரியவர்கள் மட்டும் என்னவாம்? 2011 ஆகஸ்டில் கிறீஸ் பூதம் என்ற பேச்சு கிழக்கிலே பரவியபோது மாலையானதும் கதவடைத்தவர்கள்தானே நாம்!

"எங்கள் பிள்ளைகளுக்கு முகம் மூடிய ஆட்கள் புதிதில்லையே, நிகாப் போட்ட உம்மாவைத் தினமும் காண்கிறார்களே" என்று ஒரு சகோதரி கேட்கலாம். நல்ல கேள்வி. நிகாபுக்குள் இருக்கும் உம்மாவின் கண் அசைகிறது. குரல் வருகிறது. வாசம் தெரிகிறது. பிள்ளைக்கு அது போதும். பொம்மை வேஷத்தில் இந்த மூன்றும் இல்லை.

இன்னொரு விடயம் உம்மாக்களுக்கு முக்கியம். ஒரு வயதுப் பிள்ளைகளை வைத்து 1985இல் அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு சோதனை செய்தார்கள். கண்ணாடி போட்ட மேசை. அதன் பாதியில் கண்ணாடிக்குக் கீழே பள்ளம் போலத் தோற்றம். மறுபக்கம் தாய். தாய் சந்தோஷ முகம் காட்டியபோது 19 பிள்ளைகளில் 14 பேர் பள்ளத்தைத் தாண்டி வந்தார்கள். தாய் பயந்த முகம் காட்டியபோது 17 பிள்ளைகளில் ஒருவர்கூடத் தாண்டவில்லை. தனக்கு விளங்காத இடத்தில் பிள்ளை தாயின் முகத்தைப் பார்த்துத்தான் முடிவெடுக்கிறது. தாயின் குரலுக்கும் அதே வேலை உண்டு என்று பின்னர் வந்த சோதனைகள் காட்டின. ஆகவே நிகாப் போட்டிருப்பவர்கள் குரலைக் கைவிடாதீர்கள். உருவம் கிட்ட வரும்போது சாதாரணமாகக் கதையுங்கள். "தூரத்தில் நிற்குது, நாங்க இங்க இருந்து கை காட்டுவம்" என்று சொன்னால் போதும். "ஐயோ, பயப்படாதே!" என்று பதறினால் பயப்பட ஏதோ இருக்கிறது என்றுதான் பிள்ளை விளங்கிக்கொள்ளும்.

அழும் பிள்ளையைப் பார்த்துச் சிரிப்பதைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். நபிகள் நாயகம் (ஸல்) அவர்களோடு தோழர்கள் பிரயாணம் போன சமயம், ஒருவர் உறங்கிவிட, மற்றொருவர் அவரிடமிருந்த கயிற்றை எடுத்தார். உறங்கியவர் திடுக்கிட்டுப் போனார். ஒரு முஸ்லிமைத் திடுக்கிட வைப்பது ஆகாது என்று நபியவர்கள் தடுத்ததாக அபூதாவூதில் வருகிறது. வளர்ந்த ஆம்பிளைக்கே இந்தச் சட்டம்! சோறு தின்னாவிட்டால் பூச்சாண்டி, உறங்காவிட்டால் கோணிபில்லா என்று நம் வீடுகளில் நடப்பதையும் இதோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். பொம்மை கூடுமா கூடாதா என்ற பேச்சு வரும். ஆயிஷா (ரலி) அவர்கள் சிறு வயதில் பொம்மை வைத்து விளையாடிய செய்தி புகாரியில் இருக்கிறது. மேற்கொண்டு வேண்டுமானால் உங்கள் ஊர் ஆலிமிடம் கேளுங்கள். அது என் அலுவல் இல்லை.

எனக்குக் கவலை வேறு. அந்தப் பிள்ளைக்கு முதல் அந்நியர் மிக்கி அல்ல, வாப்பாதான். இதுவரை வாப்பாவைக் கண்டது தொலைபேசிக் கண்ணாடிக்குள். விமான நிலையத்தில் அதே முகம் ஆறடி உயரத்தில், தாடியோடு, அத்தர் வாசத்தோடு வந்து தூக்கினால் பிள்ளை அழாமல் என்ன செய்யும்? அந்த அழுகை வாப்பாவின் நெஞ்சைக் கிழிக்கும், வெளியில் சொல்லமாட்டார். அதை ஈடுகட்டத்தான் மறுநாளே பூங்காவுக்குச் சீட்டு எடுக்கிறார். கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். முதல் வாரம் எங்கும் வேண்டாம். காலையில் பிள்ளைக்கு உடுப்பு மாற்றுவது வாப்பா, சோறு ஊட்டுவது வாப்பா, உறங்க வைப்பதும் வாப்பா. நீங்கள் அதே அறையில் வேறு வேலையாக இருங்கள். பிள்ளை உங்களைத் தேடினால் குரல் கொடுங்கள், உடனே பறித்து எடுக்காதீர்கள். விருந்துக்குப் போகும் நாளில் பயந்தால் ஓடி ஏற இரண்டு தோள் இருக்கும்.

இனிப் போகும் நாள். அபூதாபி நேரம் நமக்கு ஒன்றரை மணி பின்னால். அங்கே இரவு எட்டு மணி விருந்து என்றால் பிள்ளையின் உடம்புக்கு ஒன்பதரை. புதிதாகப் போன பிள்ளைக்குக் காலைச் சாப்பாடே உகந்தது. உருவங்கள் பின்னால் இருந்து வராத மாதிரிச் சுவரோரம் மேசை கேளுங்கள். பிள்ளை பயந்தால் கையை உயர்த்தி மறுத்துக் காட்டலாம், வேஷக்காரர் விலகிப் போய்விடுவார். அதே கை உங்களுக்கும் உதவும். வேஷத்துக்குள் இருப்பது ஆணா பெண்ணா என்று வெளியில் தெரியாது. படத்துக்கென்று தோளில் கை போட வரும் முன் நெஞ்சில் கை வைத்துத் தலையசைத்துவிடுங்கள்.

சாப்பாட்டு வரிசையில் ஹலாலோடு இன்னொன்றும் கவனியுங்கள். வளைகுடாவை விட்டு ஹொங்கொங், பரிஸ் பூங்காக்களுக்குப் போகிறவர்கள் ஒவ்வொரு இறைச்சியையும் கேட்டறிய வேண்டும். மாஷ்மெலோவிலும் ஜெலியிலும் பன்றி ஜெலட்டின் இருக்கக்கூடும். ஆனால் ஹலாலான பொருளும் பிள்ளையின் தொண்டையை அடைக்கும். முழுத் திராட்சை, வட்டமாக வெட்டிய சொசேஜ், பொப்கோர்ன், கச்சான் ஆகியவை சின்னப் பிள்ளைக்கு ஆபத்து. நம் ஊரில் ரம்புட்டான் விதைக்குப் பயப்படுகிற மாதிரியே பயப்படுங்கள். திராட்சையை நீளவாக்கில் நான்காக வெட்டுங்கள். சிரித்துக்கொண்டும் அழுதுகொண்டும் இருக்கும் வாயில் எதையும் போடாதீர்கள். உருவம் மேசையில் நிற்கும்போது ஊட்டவே வேண்டாம்.

டிஸ்னி பூங்காக்களில் மூன்று வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு நுழைவுச் சீட்டு இல்லை. மற்ற இடங்களில் வயதைக் கேட்பதும் உண்டு, உயரம் அளப்பதும் உண்டு, முன்கூட்டியே விசாரியுங்கள். மாற்று உடுப்பு ஒன்றும் வீட்டில் பழகிய கோப்பையும் பையில் இருக்கட்டும். பிள்ளை அரை மணியில் போதும் என்றால் எழும்பிவிடுங்கள். ஊரில் இருக்கும் மூத்தம்மாவுக்குப் படம் அனுப்ப வேண்டுமே என்று யோசிக்காதீர்கள். உருவம் தூரத்தில் நிற்க, வாப்பாவின் தோளில் இருந்து பிள்ளை எட்டிப் பார்க்கும் படம் ஒன்றை எடுத்து அனுப்புங்கள்.