எந்த டைப்புன்னு கேட்டீங்களா?

யாருக்காவது சர்க்கரை வந்துவிட்டது என்றால் "எவ்வளவு இருக்கு?" என்றுதான் எல்லாரும் கேட்கிறோம். "எந்த வகை?" என்று கேட்பவர் அபூர்வம். அறுபது வயசு மாமாவுக்கு அது போதும். இருபத்தஞ்சு வயசுப் பையனுக்குப் போதாது என்பது என் கட்சி. (நான் டாக்டர் இல்லை. பிம்ப்ரியில் வண்டி பாகங்கள் டிசைன் பண்ணிப் பொட்டி தட்டுகிறவன். வீட்டில் இன்சுலின் போடுகிற ஆள் ஒருத்தர் இருப்பதால் கொஞ்சம் படிக்க வேண்டி வந்தது.)

சர்க்கரை 350 என்ற எண்ணை வைத்து வகையைச் சொல்ல முடியாது. டைப் 2 என்றால் இன்சுலின் சுரக்கிறது, சரியாக வேலை செய்யவில்லை அல்லது போதவில்லை. டைப் 1 என்றால் நம் உடம்பின் எதிர்ப்புச் சக்தியே கணையத்தின் பீட்டா செல்களைத் தின்றுகொண்டிருக்கிறது. இவனுக்கு மாத்திரை போதாது, இன்சுலின் வேண்டும்.

மோர்வாடிப் பக்கம் ரூம் எடுத்துத் தங்கியிருக்கும் கோவில்பட்டித் தம்பி ஒருத்தன். வயசு 26. ராத்திரி நாலு தடவை எழுந்து பாத்ரூம் போகிறான், ஒரே மாசத்தில் ஏழு கிலோ இறங்கிவிட்டான். அக்கம்பக்கத்து கிளினிக் ஒன்றில் மெட்ஃபார்மின் எழுதிக் கொடுத்து, "ஆப் லோக் சாவல் பஹுத் காத்தே ஹோ" என்று அறிவுரையும் சொல்லி அனுப்பினார்கள். மூணாவது வாரம் வாந்தி, மூச்சிரைப்பு, நேரே ஐ.சி.யூ. கீட்டோ அசிடோசிஸ். "இளைச்சது மெஸ் சாப்பாட்டாலனு நெனச்சேண்ணே" என்றான் பிறகு. வீட்டில் இருந்திருந்தால் அம்மா முதல் வாரமே கண்டுபிடித்திருப்பார். ரூம்மேட்டுக்கு அதெல்லாம் எங்கே தெரியும்!

என் கோபம் மாத்திரையின் மேல் இல்லை. வேகமாக எடை குறைந்த ஒரு இளைஞனிடம் சிறுநீரில் கீட்டோன் பார்க்கவில்லையே என்பதுதான். ஒரு பட்டையை முக்கி எடுத்தால் நிறம் மாறும், அவ்வளவுதான் வேலை.

'டைப் 1 சின்னப் பிள்ளைகளுக்குத்தான் வரும்' என்பது ஒரு நம்பிக்கை. வாசிம் அக்ரமுக்கு 1997ல் வந்தபோது அவர் பாகிஸ்தானுக்குப் பந்து வீசிக்கொண்டிருந்தார். பிரிட்டனின் தெரசா மேக்கு 2012ல் டைப் 2 என்றார்கள், மாத்திரை கேட்கவில்லை, மறுவருஷம் டைப் 1 என்று தெரிந்தது. 56 வயசில்! அதே நாட்டில் லட்சக்கணக்கானவர்களின் மரபணுத் தகவலை வைத்து 2018ல் வந்த ஆய்வு ஒன்று, 60 வயசுக்குள் வரும் டைப் 1ல் 42 சதவீதம் முப்பதுக்கு மேல்தான் வருகிறது என்றது.

இன்னொரு நம்பிக்கை, 'ஒல்லியா இருந்தா டைப் 1, குண்டா இருந்தா டைப் 2'. இதைக் குழப்பியது எங்கள் புனேதான். கே.இ.எம். மருத்துவமனையின் சித்தரஞ்சன் யாக்னிக், 2004ல் லண்டன்காரர் யுட்கினோடு சேர்ந்து தங்கள் படங்களையே 'லான்செட்'டில் போட்டார். இருவருக்கும் பி.எம்.ஐ. 22.3. உடம்புக் கொழுப்பு யுட்கினுக்கு 9.1 சதவீதம், யாக்னிக்குக்கு 21.2. பார்க்க ஒல்லி, உள்ளே கொழுப்பு. ஆக நம்மூர் ஒல்லிப்பிச்சானுக்கு டைப் 2ம் தாராளமாக வரும்.

சரி, எப்படித்தான் பிரிப்பது? காட் எதிரணுச் சோதனை, சி-பெப்டைடு. முதலாவது பாசிட்டிவ் என்றால், இப்படிப்பட்ட ஆளிடம் டைப் 1 என்று ஏறக்குறைய முடிவு. நெகட்டிவ் என்றால் முடிவில்லை, எதிரணு தென்படாத டைப் 1ம் உண்டு. சி-பெப்டைடு சொந்த இன்சுலின் எவ்வளவு சுரக்கிறது என்று காட்டும். ஆனால் ஆரம்பத்தில் ஏமாற்றும். எகிறிய சர்க்கரையால் டைப் 2காரருக்கும் சுரப்பு தற்காலிகமாகப் படுத்துவிடும். மூணு வருஷம் கழித்துப் பார்த்தால் தெளிவாகும். 200 பிகோமோலுக்குக் கீழே என்றால் டைப் 1 பக்கம். மரபணு மதிப்பெண் போட்டும் பிரிக்கலாம். ஐரோப்பியருக்காகச் செய்த அந்தக் கணக்கு இந்தியர்களிடமும் நன்றாகவே வேலை செய்கிறது என்று கே.இ.எம்., ஹைதராபாத் சி.சி.எம்.பி., இங்கிலாந்தின் எக்ஸிடர் சேர்ந்து 2020ல் காட்டினார்கள். கிளினிக்குக்கு வர நாளாகும்.

இதற்கு மேலும் இருக்கிறது. குடும்பத்தில் தலைமுறை தலைமுறையாக இளவயசில் வரும் மோடி (அவர் இல்லை :-)), அதில் ஒரு வகைக்கு ஊசியே வேண்டாம், சல்ஃபோனைல்யூரியா மாத்திரை போதும். கணையத்தில் கல் சேர்ந்து வருவது, வயிற்று எக்ஸ்ரேயிலேயே தெரியும். சத்துக்குறைவால் வரும் வகையை 2025ல் சர்வதேச நீரிழிவுக் கூட்டமைப்பு 'டைப் 5' என்று ஏற்றுக்கொண்டது, அதில் வேலூர் சி.எம்.சி.யின் உழைப்பு பெரிது.

அதற்காக எல்லாருக்கும் எல்லா டெஸ்டும் எடு என்று சொல்லவில்லை. காசும் வீண், டைப் 2 இத்தனை பேருக்கு இருக்கும் ஊரில் தப்பான பாசிட்டிவும் வரும். இளவயசு, வேகமான எடைக்குறைவு, மாத்திரைக்கு அடங்காத சர்க்கரை, இவர்களுக்கு எடுங்கள். கீட்டோனை மட்டும் புதிதாக வரும் ஒவ்வொரு இளைஞனுக்கும் பாருங்கள்.

டிஸ்கி: இதைப் படித்துவிட்டு 'எனக்கு டைப் 2ஆகத்தான் இருக்கும்' என்று யாரும் தானாக இன்சுலினை நிறுத்தாதீர்கள். புனேயோ பெங்களூரோ, வேலை மாறும்போது முதல் நாள் ரிப்போர்ட்டையும் எடுத்துப் போங்கள். அடுத்த டாக்டர் கேட்பார், கேட்காவிட்டால் நீங்களே நீட்டுங்கள்.